எட்டாம் திருச்சுற்று

ஐப்பசிக்கு அவசரம் தெரியாது. ஆடியில் நுரை கக்கிப் பாய்ந்த ஆறு இம்மாதத்தில் அகன்று, நிறம் கனத்து, வீட்டுப் பொறுப்பு முழுவதும் கைக்கு வந்துவிட்ட இல்லத்தரசியைப் போல ஓசையின்றி நடக்கும். பொழுது விடிந்த பின்னும் வானம் விடியாமலே கிடக்கும். மழை நின்ற பிறகும் அதன் வாசனை தெருக்களை விட்டு நகராது. தென்னங்கீற்றில் தங்கிய நீர், காற்று தொடும்போது மட்டும் நினைவு வந்தாற்போல் துளித்துளியாக இறங்கும். கோபுரத்துச் சுதைப் பதுமைகள் ஈரத்தில் கறுத்து, எதையோ எதிர்பார்த்து நிற்கும். மற்ற மாதங்களில் அரங்கனுக்குத் திருமஞ்சன நீர் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் போகும். ஐப்பசியில் மட்டும் காவிரியின் முறை. பொற்குடம், யானை, முன்னே வாத்திய ஓசை. அந்த யானையின் மணி தொலைவில் கேட்டதும் கடை திறப்பவர் கதவைப் பாதியில் நிறுத்துவார். கோலமிடுபவள் மாவுக் கையோடு எழுந்து நிற்பாள். ஊரே ஒருமுறை மூச்சை அடக்கி, பிறகு விடும். அம்மாதத்தின் இறுதி நாளைக் கடைமுகம் என்பார்கள். அன்று ஒருநாள் நீராடினாலும் மாதம் முழுவதும் நீராடிய பயன் உண்டு என்பது பெரியோர் வாக்கு.

அத்தகைய கடைமுகத்தின் விடியலில், ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறையில், பிரேமலதா மார்பளவு நீரில் நின்று கைகூப்பி முங்கி எழுந்தாள். அறுபதை நெருங்கும் வயது. அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மேல்படியில் அவள் கணவர் ரெங்கராஜ், துண்டும் பித்தளைச் சொம்புமாக உட்கார்ந்திருந்தார். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்தவர்.

"போதும் பிரேமா, ஏறி வா. வேன்காரர் ஹாரன் அடிக்கப் போறாரு."

"அடிக்கட்டும். ஒரு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னொரு முங்கு கிடையாதா? நீங்க தலையில தெளிச்சுக்கிட்டீங்களா?"

"தெளிச்சுக்கிட்டேன், தெளிச்சுக்கிட்டேன். பாதி ஆறு என் சட்டைக்குள்ளதான் இருக்கு."

அவர் சட்டைக்குள் வேறொன்றும் இருந்தது. நெஞ்சை நடுவே திறந்து தைத்த தழும்பு. சென்ற ஆண்டு ஐப்பசியில் அக்கரை மருத்துவமனை ஒன்றில் அவருக்கு இருதய அறுவை நடந்தது. தேறிய பின் காரில் வைத்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்த நாளும் கடைமுகம்தான். காவிரிப் பாலத்தின் நடுவில் கார் நெரிசலில் நின்றது. சன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளின் தலைக்கு மேலே ராஜகோபுரம் எழுந்து நின்றது. அவர் அவள் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்; அவருடைய மூச்சு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சுக்கு ஈடாகக் கொடுக்க அவளிடம் ஒரு சொல் மட்டுமே இருந்தது.

'அரங்கா, இவரோடு கரையேறுகிறேன். அடுத்த கடைமுகம் வரை இந்த ஆறுகளைத் தாண்டமாட்டேன். அன்று உன் தீவு முழுவதையும் வலம் வந்து முடித்த பிறகே தாண்டுவேன்.'

கோயிலுக்குத் திருச்சுற்றுகள் ஏழு. ஏழிலும் நடந்து நடந்து அவள் பாதங்களுக்குக் கல் பழகியிருந்தது. அந்த ஏழுக்கும் அப்பால் எட்டாவதாக ஒரு சுற்று உண்டு என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். அதற்கு மதில் கல்லால் ஆனதன்று, நீரால் ஆனது. மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே தன் பெயரோடும் வடக்கே கொள்ளிடம் என்ற பெயரோடும் அரங்கனின் தீவை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, கிழக்கே கல்லணையில் மீண்டும் விரல் கோத்துக்கொள்கிறது. அந்த அணைப்பை முழுவதுமாக ஒருமுறை கண்ணால் தொட்டுவிட வேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்டாள்.

சொல் சிறியது, ஆண்டு நீளமானது. அக்கரையில், மன்னார்புரத்தில் தங்கை மகள் ஜோதியின் திருமணம் நடந்தது. பிரேமலதா கைப்பேசித் திரையில் தாலி கட்டுவதைப் பார்த்துத் தன் வீட்டுக் கூடத்திலிருந்து அட்சதை தூவினாள். "உன் பெருமாள் பஸ்ல ஏறக்கூடாதுன்னு சொன்னாரா அக்கா?" என்று கேட்ட தங்கை அதன்பின் பேசவில்லை. ரெங்கராஜ் மருத்துவமனைப் பரிசோதனைகளுக்கெல்லாம் தனியாகவே போய் வந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் அவளுக்கு உறுத்தியது.

கடைமுகம் நெருங்கியபோது 'ஸ்ரீரங்கம் தீவு, ஒருநாள் வேன் சுற்றுலா, வழிகாட்டியுடன்' என்ற விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் கேட்டாள். சாப்பாட்டில் வெங்காயம் சேருமா, கணவருக்கு முன் இருக்கை கிடைக்குமா, முதலில் மேற்கா கிழக்கா? முதலில் மேற்கு என்றார்கள். அப்படியானால் கோயில் வலக்கைப் பக்கம் வரும்; வலம் சரி. மனநிறைவோடு பதிவு செய்தாள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, தீவைச் சுற்றிக் காட்டுகிற வண்டி தீவை விட்டே வெளியே போகும் என்று தோன்றவில்லை.

வேன் கிளம்பியது. வழிகாட்டி வஹீதா பாலக்கரைப் பெண். தலையில் முக்காடும் கையில் சின்ன மைக்குமாக ஓட்டுநருக்கு அருகில் நின்றாள். ஓட்டுநர் மூக்கன், வையம்பட்டிக்காரர், வாய் திறக்காதவர். பயணிகளில் உரக்கப் பேசியவர் பீமராவ். மன்னார்புரத்தில் தனியே வாழும் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி, எழுபத்தைந்தைத் தாண்டியவர். மற்றவர்கள் வெளியூர்க் குடும்பம் ஒன்று.

மேலூர்ப் பக்கத்துப் பட்டாம்பூச்சிப் பூங்காவைப் பார்த்து முடித்து எல்லாரும் வேனில் ஏறியதும் வஹீதா மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா? அடுத்து முக்கொம்பு. இப்ப வந்த வழியே திரும்பி, பாலம் தாண்டி, கரூர் ஹைவே பிடிச்சோம்னா சீக்கிரம் போயிடலாம். லஞ்ச் அங்கதான்."

"பாலம் தாண்டியா?" என்றாள் பிரேமலதா.

"ஆமா மேடம். காவிரிப் பாலம்."

"முக்கொம்பு இந்தத் தீவோட மூக்குதானேம்மா? மூக்கைத் தொடுறதுக்கு எதுக்கு வீட்டை விட்டு வெளிய போகணும்?"

"மேல இருந்து பாத்தா அப்படித்தான் மேடம். ஆனா இந்தப் பக்கம் கரைமேல மண்பாதைதான். மழைக்கு வேன் டயர் புதைஞ்சுடும்."

பிரேமலதா எழுந்து நின்றாள். "தம்பி, வண்டியை எடுக்காதீங்க."

மூக்கன் சாவியிலிருந்து கையை எடுத்தார். ரெங்கராஜ் திரும்பிப் பார்த்து, விஷயம் புரிந்து, நெற்றியைத் தடவிக்கொண்டார். பிரேமலதா தன் வேண்டுதலை ஒளிக்காமல் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். சொல்லும்போது குரல் தணியவும் இல்லை, உயரவும் இல்லை.

"என்னம்மா இது?" என்றார் பீமராவ். "ரெண்டு நிமிஷப் பாலம். கண்ணை மூடிண்டா போச்சு. அரங்கன் படுத்துண்டிருக்கார். எந்த வண்டி எந்தப் பாலத்துல போறதுன்னு எட்டிப் பாத்துண்டா இருக்கார்?"

"படுத்துத்தான் இருக்கார் சார். ஆனா தெற்கே பார்த்துப் படுத்திருக்கார். பாலமும் தெற்கேதான் இருக்கு."

வெளியூர்க் குடும்பம் கொல்லென்று சிரித்தது. மூக்கன்கூடச் சிரித்தார். பீமராவ், "வாத்தியாரம்மான்னு தெரியறது" என்று முணுமுணுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"பிரேமா," என்றார் ரெங்கராஜ் மெதுவாக. "வேண்டுதலே எனக்காகத்தானே? நானே சொல்றேன், விட்டுடு. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க நல்லா இருக்கீங்கன்னுதாங்க இத்தனையும். ஒரு வருஷம் காப்பாத்துன வார்த்தையைக் கடைசி நாள்ல, வேனுக்கு டயர் புதையுதுன்னு விடச் சொல்றீங்களா?" அவள் வஹீதாவிடம் திரும்பினாள். "டயர்தானே புதையும்? கால் போகும்ல?"

"போகும் மேடம். ஆனா ரொம்ப தூரம்."

"அப்ப நான் நடக்கிறேன். நீங்க எல்லாரும் ஹைவேல போங்க. முக்கொம்புல பாப்போம்."

சொம்பையும் பையையும் எடுத்துக்கொண்டு அவள் இறங்கியே விட்டாள். பின்னாலேயே வஹீதா இறங்கினாள். கூட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. விதியை மீறினால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். மேகம் வடக்கே கறுத்துக்கொண்டிருந்தது. வஹீதா ஒரு கணம் அதைப் பார்த்தாள். சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு நடக்க ஆயத்தமாகும் அந்த அம்மாளையும் பார்த்தாள்.

"ஏம்மா, நீயாவது அவங்களுக்கு எடுத்துச் சொல்லேன்" என்றார் பீமராவ் சன்னல் வழியாக.

"என்னத்த சார் சொல்றது? எங்கம்மா நோன்பு வச்சிருக்கப்ப, நோன்பு திறக்கிற மக்ரிபுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்தானே, இப்பவே தண்ணி குடின்னா குடிப்பாங்களா?" வஹீதா கைப்பேசியை எடுத்தாள். "மேடம், கொஞ்சம் நில்லுங்க. எங்க மன்சூர் மாமு மேலூர்த் தோட்டத்துலதான் வாழைத்தார் ஏத்திக்கிட்டு இருக்காரு. அவர் வண்டி சின்னது, எந்தச் சேத்துலயும் போகும்."

மன்சூர் வந்து சேர்ந்தார். பச்சை வாழைத்தார்கள் பாதி ஏற்றிய குட்டியானை வண்டி. நரைத்த தாடியைத் தடவியபடி அவர் கதையைக் கேட்டார்.

"மார்க்கெட்டுக்கு மத்தியானத்துக்கு மேல போனாப் போதும். ஏறுங்கம்மா. ஐப்பசி மாசம் உங்க சாமிக்குத் தண்ணியே ஆனை மேலதானே வருது? உங்களுக்குக் குட்டியானையாவது கெடச்சுதே."

முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவருக்கே இடம். "நீங்க வேன்லயே போங்க" என்று பிரேமலதா கணவரிடம் சொன்னாள். அவர் வேனிலிருந்து இறங்கி வந்து அந்த முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவள் பின்னால், சாக்கு விரித்து, வாழைத்தார்களுக்கு நடுவே அமர்ந்தாள்.

கரைமேல் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. இடக்கைப் பக்கம் காவிரி செந்நிறமாக எதிர்த்து வந்துகொண்டிருந்தது. வலக்கைப் பக்கம் வாழைத் தோட்டங்கள். இலைகள் ஈரத்தில் பளபளத்தன. போகப் போகத் தீவு ஒடுங்கியது. தோட்டங்களின் இடைவெளியில், வலப்புறத்தில் இன்னொரு வெள்ளி விளிம்பு தெரிந்தது. கொள்ளிடம். ஒரே இடத்தில் அமர்ந்து இரண்டு ஆறுகளையும் ஒருசேரப் பார்த்தது அவளுக்கு வாழ்விலேயே அன்றுதான். அவள் வாய் தன்னையறியாமல், காவிரி நடுவே அரங்கன் துயில்வதைப் பாடும் ஒரு பாசுரத்தின் அடியை முனகிற்று. பாடம் நடத்தியபோது பொருள் சொல்லியிருக்கிறாள். இன்று பொருள் எதிரில் வந்து நின்றது.

வண்டி சட்டென்று நின்றது. முந்தின நாள் காற்றில் பெரிய நாவல் மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே வேரோடு சாய்ந்து கிடந்தது.

"யா அல்லாஹ்!" என்று மன்சூர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு மேல ஆனையும் போகாது, குட்டியும் போகாது. ஆனா தூரம் அதிகமில்லேம்மா. அந்தா, முக்கொம்பு ஷட்டர் தெரியுது பாருங்க."

"நாங்க நடந்து போய்த் திரும்பி வர்றோம். நீங்க இருப்பீங்களா அண்ணே?"

"இருக்கேன். தார் ஒண்ணும் ஓடிப் போயிடாது."

மரத்தின் கிளைகளை விலக்கி இருவரும் ஏறிக் கடந்தார்கள். ரெங்கராஜுக்குத் தினமும் நடக்கும் பழக்கம் உண்டு. ஆனால் வீதியில் நடப்பது வேறு, வழுக்குகிற களிமண்ணில் நடப்பது வேறு. சிறிது தூரத்தில் அவர் நடை தளர்ந்தது. பிறகு நின்றார். ஒரு மண்மேட்டில் உட்கார்ந்து, கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

பிரேமலதா அவர் முகத்தைப் பார்த்தாள். "வலிக்குதா? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

ஆற்றில், கரையை ஒட்டி, ஒருவர் பரிசலில் இருந்து வலை போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அப்பால் தென்கரை. மரங்களுக்கிடையே கரூர் பஸ்கள் ஓடுவது தெரிந்தது. பிரேமலதா ஒரு நொடி அந்தக் கரையைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

"ஏம்ப்பா, பரிசல்! இங்க வாப்பா! சீக்கிரம் வா!"

"என்ன பண்றே?" என்றார் ரெங்கராஜ்.

"அக்கரைக்குப் போறோம். ரோட்டுல ஏத்தினா ஆஸ்பத்திரி பக்கம். எந்திரிக்காதீங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"வேண்டுதல்?"

"வேண்டுதல் யாருக்காக? உங்க மூச்சுக்காகச் சொன்ன வார்த்தை அது. உங்க மூச்சை விட்டுட்டு வார்த்தையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அவன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க பேசாம இருங்க."

அவள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றி நீரின் விளிம்பில் கால் வைத்திருந்தாள். ரெங்கராஜ் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓராண்டாகத் தாண்டாத எல்லை அது. ஒரு யோசனையும் இல்லாமல் அதைத் தாண்டுவதற்கென்றே நீரில் இறங்கிவிட்டிருந்தது அந்தக் கால்.

"பிரேமா, வா இங்க. வலியெல்லாம் இல்லே. மூச்சுதான் வாங்குச்சு. இப்ப சரியாயிடுச்சு."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"பொன்மலையில முப்பத்தஞ்சு வருஷம் இன்ஜின் சத்தம் கேட்டவன். எது வலி, எது வெறும் மூச்சுன்னு என் இன்ஜின் எனக்குத் தெரியாதா?" அவர் அவள் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்தார். பிறகு ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுமா? செக்கப்புக்குத் தனியாப் போறப்பல்லாம் நினைச்சுக்குவேன், இவளுக்கு நான் பெரிசா, அந்த வார்த்தை பெரிசான்னு. கேக்கணும்னு தோணும். கேக்க மாட்டேன்."

"நான் வீட்டுலயா உக்காந்திருந்தேன்? ஒவ்வொரு தடவையும் பாலத்து முனையிலதான் நின்னேன். நீங்க திரும்பி வர்ற பஸ் கண்ணுல படுற வரைக்கும்."

"அதை ஏன் சொல்லலே?"

"நீங்க ஏன் கேக்கலே?"

பரிசல் கரைக்கு வந்து சேர்ந்தது. "யாருக்கு என்னாச்சும்மா?" என்றார் பரிசல்காரர்.

"ஒண்ணுமில்லேப்பா. நீங்க மீனைப் பாருங்க" என்று ரெங்கராஜ் எழுந்தார்.

"நல்லாயிருக்கே! புருசன் பொண்டாட்டி பேசித் தீத்துக்கிறதுக்கு என் பரிசலா கெடச்சுது?" என்று அவர் துடுப்பால் கரையை உந்திப் பரிசலைத் திருப்பினார்.

மிச்ச தூரத்தை இருவரும் கைகோத்து நடந்தார்கள். இப்போது முன்னே நடந்தவர் ரெங்கராஜ். வழுக்கும் இடங்களில் குதிகாலை ஊன்றித் தடம் வெட்டி, "இதுல கால் வை" என்று சொல்லிச் சொல்லி அழைத்துப் போனார். நடுவில் தூறல் வந்தது, அதற்காக அவர்கள் நிற்கவில்லை. இளைப்பாற வேண்டிய இடங்களில் மட்டும் நின்றார்கள்.

தீவின் மேற்கு நுனி. அகன்று வந்த காவிரி அங்கே தயங்கி, ஒரு பெருமூச்சு விட்டாற்போல் மேடிட்டு, இரண்டாகப் பிரிந்தது. பிரேமலதா படியில் இறங்கி, குனிந்து, பிரியும் இடத்து நீரைச் சொம்பில் முகந்து, வாயை வாழை இலைத் துண்டால் கட்டினாள்.

மதகுப் பாலத்தின் மறுகோடியில் வேன் பயணிகள் தெரிந்தார்கள். வஹீதா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள். அவளுக்கு முன்னே ஒருவர் குடையும் பையுமாகப் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். பீமராவ். அருகில் வந்ததும் பையிலிருந்து இரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்களை எடுத்து நீட்டினார்.

"தயிர்சாதம். வெங்காயம் கிடையாது, விசாரிச்சுட்டேன்."

"நீங்க ஏன் சார் இவ்வளவு தூரம்?"

"நீங்க வரப்படாது. எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லையே, நான் தாண்டலாம்." அவர் குடையை இருவர் தலைக்கும் பிடித்தார். "சாப்பிடுங்கோ. அவருக்கு மாத்திரை போடற வேளை தப்பிடப் போறது."

சாய்ந்த மரம் வரை நடந்து திரும்பி வண்டியில் ஏறியதும், மன்சூர் தோட்டங்களுக்கு ஊடே போய்க் கொள்ளிடக் கரையைப் பிடித்தார். தீவு வலப்பக்கமே இருந்தது. ஸ்ரீரங்கத்தின் வடக்கெல்லையில், ஹைவே வழியாகச் சுற்றி வந்த வேன் காத்து நின்றது. மன்சூர் ஒரு சீப்பு வாழைக்காயைப் பிரேமலதாவின் கையில் திணித்து, "நாளைக்குப் பொரியல் பண்ணுங்க, எங்களையும் நெனச்சுக்குங்க" என்று சொல்லிச் சந்தைக்குப் பறந்தார்.

கல்லணைக்குப் போகும் வழக்கமான சாலை காவிரிக்கரையில் உள்ளது. மூக்கன் யாரும் கேட்காமலே ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, கொள்ளிடம் பக்கத்து ஊர்ச் சாலையில் வேனைச் செலுத்தினார்.

"அண்ணே, இது சுத்து வழியாச்சே?" என்றாள் வஹீதா.

"சுத்தத்தானே வந்திருக்காங்க" என்றார் மூக்கன். அன்று முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

கல்லணையை அடைந்தபோது மேகம் மேற்கில் கிழிந்து, கடைசி வெயில் நீரின் மேல் படுத்திருந்தது. மற்றவர்கள் அணையின் மேலேறிப் படம் எடுக்கப் போனார்கள். பிரேமலதா அணையின் கல்லை மிதிக்கவில்லை. தீவின் மண் முடிகிற இடம் வரை நடந்தாள். அங்கே நின்றபோது வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் கொள்ளிடம். காலையில் பிரிந்த இரண்டும், வழியில் யாருக்கு என்ன நடந்ததென்று சொல்லிக்கொள்ள வந்தவை போல, ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தன. ரெங்கராஜ் அவள் அருகில் வந்து நின்றார். வஹீதா சற்றுத் தள்ளி நின்று, கையிலிருந்த மைக்கை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

பிரேமலதா சொம்பின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். கணவரின் கையைச் சொம்பின் அடியில் சேர்த்துக்கொண்டு, முக்கொம்பின் நீரை மெல்ல, நூல் இழைபோல, கல்லணையின் நீரில் வார்த்தாள். பிரிந்த இடத்து நீர் கூடும் இடத்து நீரோடு சேர்ந்தது. சொம்பின் அடியில் எஞ்சியதைக் கணவரின் நெஞ்சில் தெளித்தாள். கோயில் இருந்த திசை நோக்கித் திரும்பிக் கண்மூடிக் கைகூப்பி நின்றாள். எதையும் கேட்கவில்லை. இனி வீடு வரை காவிரிக்கரை வழி. அதைக் கண்ணை மூடிக்கொண்டே அவள் பாதம் அறியும்.

கண்ணைத் திறந்தபோது பீமராவ் அணைமீது ஏறாமல் எதிரில் நின்றிருந்தார்.

"சார், செருப்பைக் கழட்டிட்டுக் கிழக்கே பார்த்து நில்லுங்க" என்றாள் பிரேமலதா. "நாங்க சேவிச்சுக்கணும். இங்க மூத்தவர் நீங்கதான்."

"நானா? கார்த்தால உங்களைப் பரிகாசம் பண்ணினவன் நான்."

"பசிக்குச் சாதம் கொண்டு வந்ததும் நீங்கதான்."

அவர் தடுமாறிச் செருப்பைக் கழற்றினார். ஈர மண்ணில் கணவனும் மனைவியும் ஒன்றாக விழுந்து வணங்கினார்கள். பீமராவின் கைகள் உயர்ந்தன. மன்னார்புரத்து வீட்டில் யாரும் அவர் காலில் விழுந்து நெடுங்காலமாகிவிட்டிருந்தது.

"தீர்க்க சுமங்கலீ பவ. தீர்க்காயுஷ்மான் பவ." பிறகு ஆற்றைப் பார்த்து, தமிழில் சொன்னார்: "ரெண்டு பேரும் எப்பவும் ஒரே கரையில நன்னா இருங்கோ."